சேர்ந்து பாடப் பழகுதல்: கொழும்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சனிக்கிழமை காலையில் வெள்ளவத்தையில் பாடசாலைப் பிள்ளைகளுக்கும், ஞாயிறு பின்னேரங்களில் வேலைக்குப் போகும் பெரியவர்களுக்கும் குழுவாகப் பாடப் பழக்குகிறேன். பெற்றோரும், சங்கீத ரீச்சர்மாரும், கோயில் பஜனைக் குழுக்களையும் தேவாலயப் பாடகர் குழுக்களையும் நடத்துபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதி வைக்கிறேன்.

மகள் சின்ன வயதிலிருந்தே சங்கீதம் படிக்கிறாள். வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைகளிலும் நல்ல புள்ளி. ஆனால் பாடசாலைக் குழுவில் அவள் குரல் மட்டும் தனியாகத் தெரிகிறது என்கிறார்கள். ஏன்?

அவள் தனியாகப் பாடப் பழகியவள். பரீட்சை அறையில் ஒரு பிள்ளை, எதிரே பரீட்சகர், பக்கத்தில் சுருதிப்பெட்டி. வகுப்பிலும் ரீச்சர் பாட, பிள்ளை திருப்பிப் பாடும். இப்படியே ஏழெட்டு வருடம் படித்த பிள்ளைக்கு, பக்கத்தில் நிற்பவரின் குரலைக் கேட்டுக்கொண்டே பாட வேண்டிய தேவை ஒருநாளும் வந்திருக்காது. கொழும்பில் பல குழுக்கள் பன்னிரண்டு தனிப்பாடகர்கள் ஒரே நேரத்தில் பாடுவதுபோல ஒலிப்பதற்கு இதுதான் முதற்காரணம் என்று நினைக்கிறேன். பிள்ளைகளிடம் ஞானம் நிறைய இருக்கிறது. கேட்டுப் பாடும் பழக்கத்தைத்தான் யாரும் கொடுக்கவில்லை.

அவளிடம் "மெதுவாகப் பாடு" என்று சொல்லாதீர்கள். சத்தத்தைக் குறைக்கச் சொன்னால் மூச்சையும் குறைப்பாள், சுருதி இறங்கும். அதற்குப் பதிலாக இருவர் இருவராக நிறுத்துங்கள். ஒருத்தி ஒரு வரியைப் பாட, மற்றவள் வாயை மூடி 'ம்' என்று அதே வரியை மீட்டட்டும். பிறகு மாற்றுங்கள். மூன்றாவது முறை இருவரும் வாய் திறந்து பாடும்போது, தன் குரலைவிடத் தோழியின் குரல் கூடக் கேட்கவேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள். சத்தம் தானாகவே சமப்படும்.

சுருதி சேராத பிள்ளையைக் குழுவில் வைத்திருக்கலாமா?

கட்டாயம் வைத்திருக்க வேண்டும்.

ஒருநாள் தரம் 7 படிக்கும் பையன் ஒருவன் புதிதாக வந்தான். கடைசி வரிசையில் போய் நின்றுகொண்டு, "மிஸ், நான் பாடவோ, வாயசைக்கவோ?" என்று கேட்டான். முன்பு பாடிய இடத்தில் போட்டிக்கு முதல் வாரம் அவனை வாயசைக்கச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு வருடமாக அவன் வாயசைத்தே மேடையேறியிருக்கிறான். அந்தக் கேள்வியை அவன் மிகச் சாதாரணமாகக் கேட்டதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வகுப்பு முடிந்தபின் அவனோடு பத்து நிமிடம் இருந்தேன். நான் ஒரு சுரத்தைக் கொடுத்து "இதைப் பாடு" என்று கேட்கவில்லை. "உனக்கு வசதியான ஒரு சத்தத்தை 'ஆ' என்று பிடி" என்றேன். பிடித்தான். நான் அவனுடைய சுரத்துக்குப் போய் அவனோடு சேர்ந்து பாடினேன். இரண்டு குரலும் ஒன்றானபோது அவன் முகத்தைத் தூக்கிப் பார்த்தான். சேருவது எப்படியிருக்கும் என்று அந்தப் பிள்ளைக்கு அதுவரை தெரியாது. அந்த இடத்திலிருந்து அரைச் சுரம் மேலே, அரைச் சுரம் கீழே என்று மெல்ல நகர்ந்தோம். ஆறு கிழமையில் மத்திய ஸ்தாயி (நடுச் ச முதல் மேல் ச வரை) முழுவதையும் பிடித்துவிட்டான். சுருதி சேராத பிள்ளைகளில் பெரும்பாலானோர் காதில் குறை உள்ளவர்கள் அல்லர். கொடுக்கப்படும் சுரம் அவர்கள் குரலுக்கு எட்டாத உயரத்தில் இருப்பதுதான் சிக்கல். முதலில் நாம் அவர்களிடம் போக வேண்டும்.

மகனுக்குக் குரல் உடைகிறது. நிற்பாட்டட்டுமா?

வேண்டாம். பெரும்பாலும் 12 வயதுக்கும் 15 வயதுக்கும் இடையில் குரல்வளை வளர்ந்து, குரல்நாண்கள் நீண்டு தடிக்கின்றன. பேச்சுக் குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி இறங்கும். நடுவில் சில மாதங்கள் நாலைந்து சுரங்கள் மட்டுமே நிச்சயமாக வரும். அந்த நாலைந்து சுரங்களுக்குள் அவனுக்கென்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள். பல்லவியில் ஷட்ஜத்தையோ (ச) பஞ்சமத்தையோ (ப) நீட்டிப் பிடிக்கும் வேலையாக இருந்தாலும் போதும். மேலே எட்டாத சுரத்தைத் தள்ளிப் பாட வைக்காதீர்கள், பொய்க்குரலில் (மெல்லிய மேற்குரலில்) லேசாகத் தொட விடுங்கள். மாதம் ஒருமுறை அவன் எல்லையைச் சோதித்துக் கொப்பியில் குறித்து வையுங்கள், ஏனென்றால் போன மாதத்துக் குரல் இந்த மாதம் இராது. பெண்பிள்ளைகளுக்கும் இதே வயதில் குரலில் காற்றுக் கலந்தாற்போல் ஒரு மெலிவு வரும். அதைப் பயிற்சிக் குறைவு என்று எண்ணி ஏசாதீர்கள்.

எந்தக் கட்டையில் பாடுவது?

ஷட்ஜத்தை ஆர்மோனியத்தின் எந்தக் கட்டையில் வைக்கிறோம் என்பதுதான் கேள்வி: ஒன்று என்றால் C, ஐந்து என்றால் G. ஆளைப் பார்த்துச் சுருதி வைப்பது தனிப்பாட்டுக்கு. குழுவுக்குப் பாட்டைப் பார்த்து வைக்க வேண்டும். பாட்டின் மிகத் தாழ்ந்த சுரம் எது, மிக உயர்ந்த சுரம் எது என்று முதலில் குறியுங்கள். ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்கு ஆர்மோனியத்தின் நடு ஒரு கட்டையிலிருந்து அதற்கு மேல் ஸ்தாயியின் இரண்டு கட்டை வரை வசதி. பாட்டின் இரண்டு எல்லையும் அதற்குள் விழும்படி ஷட்ஜத்தை நகர்த்துங்கள். பெரிய பெண்கள் பாடும் ஐந்து கட்டையில் எட்டு வயதுப் பிள்ளைகளையும் பாட வைத்தால், மந்திர (கீழ் ஸ்தாயி) பஞ்சமத்தில் வாய் மட்டும் அசையும், சத்தம் வராது. கொழும்பில் நான் அடிக்கடி காணும் பிழை இது.

எங்கள் குழுவில் ஆண்களும் பெண்களும் இருக்கிறோம். ஒருவருக்குச் சரிவந்தால் மற்றவருக்குச் சரிவருவதில்லை.

ஆண்கள் பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டு கட்டைக்குள் பாடுவார்கள், பெண்கள் ஐந்து முதல் ஆறுக்குள். இடையிலே மூன்று, நாலு என்று 'நடுவில்' வைத்தால் இரு பக்கத்துக்கும் சிரமம். மந்திர ஸ்தாயிக்கு அதிகம் இறங்காத பாட்டென்றால் ஐந்தரையிலோ ஆறிலோ வைத்து, ஆண்களை ஒரு ஸ்தாயி கீழே பாட விட்டுப் பாருங்கள். கீழ் ஷட்ஜம் சில ஆண்களுக்கு மெலிந்துதான் வரும், பெண்களின் குரல் அதை மூடிக்கொள்ளும். பாட்டு அகலமாக ஓடுகிறதென்றால் வரிகளைப் பிரித்துக் கொடுங்கள். தாழ்ந்த வரிகள் ஆண்களுக்கு, உயர்ந்தவை பெண்களுக்கு, இருவருக்கும் பொதுவான இடத்தில் மட்டும் எல்லோரும். பஜனையில் நம் தாத்தா பாட்டி காலத்திலிருந்து நடப்பதும் கிட்டத்தட்ட இதுதான்.

முதல் வகுப்பில் என்ன செய்வீர்கள்?

தேசிய கீதத்தைத் தமிழில் பாடச் சொல்வேன். ஆனந்த சமரக்கோனின் மெட்டும் மு. நல்லதம்பியின் தமிழும் பாடசாலைப் பிள்ளைகள் எல்லோருக்கும் மனப்பாடம், புதிதாகப் படிப்பிக்க எதுவுமில்லை. சுருதி கொடுக்காமல் "தொடங்குங்கள்" என்பேன். யார் முதலில் சுரத்தைப் பிடிக்கிறார்கள், யார் அவரைப் பார்த்து ஒட்டிக்கொள்கிறார்கள், எந்த வரியின் நடுவில் மூச்சு அறுகிறது, கடைசி வரியில் எவ்வளவு சுருதி இறங்கியிருக்கிறது, எல்லாம் அந்தச் சில நிமிடங்களில் தெரிந்துவிடும்.

அடுத்தது சுருதிப்பெட்டிப் பயிற்சி. பெட்டி ஒலிக்க இரண்டு வரி, நிறுத்திவிட்டு இரண்டு வரி, மறுபடி போட்டு இரண்டு வரி. திரும்பப் போடும்போது குழு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பிள்ளைகளே கேட்டுச் சிரிப்பார்கள். யாரும் யாரையும் குறை சொல்லத் தேவையில்லை. அநேகமாக அவரோகண வரிகளில்தான் இறங்குவார்கள். கீழே வரும் ஒவ்வொரு சுரத்தையும் கொஞ்சம் உயரத்திலேயே வைக்க நினைத்துப் பாடினால் நிற்கும்.

உச்சரிப்புக்கு இவ்வளவு நேரம் செலவழிக்கத்தான் வேண்டுமா?

எனது வகுப்பில் மூன்றில் ஒரு பங்கு நேரம் இதற்கே போகிறது, அதற்குக் காரணம் கொழும்புதான். ஒரே வரிசையில் யாழ்ப்பாணத்துப் பிள்ளை, மட்டக்களப்புப் பிள்ளை, மலையகத்துப் பிள்ளை, கொழும்பிலேயே பிறந்து வீட்டில் ஆங்கிலம் கலந்து பேசும் பிள்ளை, புறக்கோட்டையில் கடை வைத்திருக்கும் முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை எல்லோரும் நிற்கிறார்கள். ஐந்து பேரும் பேசுவது தமிழ். ஆனால் 'காற்று' என்ற ஒரு சொல்லை வாங்கிப் பாருங்கள். யாழ்ப்பாணத்து நாக்கு 'ற்ற' என்பதை ஒரே அடைப்பாகச் சொல்லும். வேறு சிலரின் வாயில் அதற்குள் ஒரு 'ர' உருளும். இரண்டும் சரி. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் சொல் கலங்கும். 'ழ' வரும் இடங்களிலும் இதே கதைதான், பாதிப் பேர் 'ள' என்பார்கள். எந்த ஊர்ப் பேச்சும் குறைந்ததல்ல என்று முதலிலேயே சொல்லிவிட்டு, "இந்தப் பாட்டில் இப்படி" என்று சேர்ந்து முடிவெடுத்துக்கொள்வோம்.

இன்னும் நுட்பமானது குற்றியலுகரம். 'நாடு', 'பாட்டு' என்ற சொற்களின் கடைசி உகரத்தைப் பேச்சில் உதடு குவிக்காமல் சொல்கிறோம். பாட்டில் அந்த உகரம் நாலு அட்சரம் (தாள எண்ணிக்கை) நீண்டுவிட்டால் பாதிப் பேர் உதட்டைக் குவித்து முழு 'ஊ' ஆக்கிவிடுவார்கள், மீதிப் பேர் குவிக்கமாட்டார்கள். சுரம் ஒன்றாக இருந்தும் குழு சுருதி சேராததுபோல் கேட்கும். நான் சொல்லிக்கொடுக்கும் வழி: குறுகிய இடத்தில் பேசுவதுபோலவே விடுங்கள், நீளும் இடத்தில் எல்லோரும் சற்றே குவியுங்கள். எவ்வளவு 'சற்றே' என்பதை ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துத்தான் பழக வேண்டும், அதனால் எதிரெதிராக நிறுத்துவேன். 'மலை', 'கலை' போன்றவற்றின் ஐகாரத்துக்கும் இப்படியொரு உடன்பாடு தேவை.

சொல்லின் இறுதி மெய்யைப் பொதுவாகச் சீக்கிரம் மூடிவிடுகிறார்கள். 'மனம்' என்று நீட்டும்போது ஒருத்தி இரண்டாவது அட்சரத்திலேயே 'ம்' போட்டுவிட்டால், அங்கே ஒரு வண்டு ரீங்காரமிடத் தொடங்கும். உயிரிலே நில்லுங்கள், கடைசி அட்சரத்தின் விளிம்பில் எல்லோரும் சேர்ந்து மூடுங்கள். 'பக்கம்', 'பச்சை' போன்றவற்றின் வல்லின ஒற்று ஒரு கணம் சத்தத்தை முற்றாக நிறுத்துகிறது. அந்த மௌனம் எல்லோருக்கும் ஒரே இடத்தில் வரவேண்டும். வந்துவிட்டால் முப்பது பேர் பாடினாலும் சொல் கண்ணாடிபோலத் தெரியும்.

கர்நாடக இராகத்தில் பாடும்போது கமகத்தை விட்டுவிடலாமா?

கமகம் என்பது சுரத்தை அசைத்துப் பாடுவது. அதை விட்டால் தோடி இராகம் தோடியாக இராது. ஆனால் இருபது பேர் இருபது விதமாக அசைத்தால் அங்கே சுரமே இராது. எந்தச் சுரத்தில் அசைப்பது, எத்தனை அசைவு, எந்த அட்சரத்தில் நிறுத்துவது என்று எண்ணிப் பழக்குங்கள். பிருகாக்களை (வேகமாக உருளும் சுரக் கோவைகளை) தயங்காமல் எடுத்துவிடுங்கள், அல்லது ஒருவருக்கு மட்டும் கொடுங்கள். தொடங்கும் குழுவுக்குச் சங்கராபரணம், மோகனம், ஹம்சத்வனி போன்றவை இலகு. முத்துசாமி தீட்சிதர் (1775–1835) ஐரோப்பிய மெட்டுகளுக்குச் சங்கராபரணத்தில் சாகித்தியம் எழுதிய நோட்டுசுரங்கள் குழுவுக்கென்றே செய்ததுபோல் பொருந்தும். அவற்றில் கமகமே இல்லையென்று சொல்லலாம்.

நீண்ட வரியில் எல்லோருக்கும் மூச்சு ஒரே இடத்தில் தீர்ந்துவிடுகிறது.

தனிப்பாடகருக்கு இல்லாத ஒரு வசதி குழுவுக்கு உண்டு: மாறி மாறி மூச்செடுக்கலாம். மூன்று விதி போதும். சொல்லுக்கு நடுவில் எடுக்கலாம், ஆனால் சொல்லின் இறுதியில் எடுக்காதீர்கள், ஏனென்றால் எல்லோரும் அங்கேதான் எடுப்பார்கள். பக்கத்தில் நிற்பவர் எடுக்கும்போது நீங்கள் எடுக்காதீர்கள். திரும்ப நுழையும்போது மெல்லென நுழையுங்கள். பரீட்சைக்குப் படித்த பிள்ளைகளுக்குச் சொல்லுக்கு நடுவில் மூச்செடுப்பது பாவம் செய்வதுபோல இருக்கும். பழக நாட்கள் எடுக்கும்.

தாளம் சரியாகத்தான் போடுகிறோம், ஆனால் எடுப்பு (பாட்டைத் தொடங்கும் இடம்) சிதறுகிறது.

முப்பது பேரும் தொடையில் தட்டுவதை முதலில் நிறுத்துங்கள். ஒருவர் மட்டும் போடட்டும். ஆதி தாளத்தில் ஒன்றரை இடம் தள்ளி எடுக்கும் பாட்டென்றால், எடுப்புக்கு முந்திய தட்டில் எல்லோரும் சேர்ந்து மூச்செடுக்கப் பழகுங்கள். மூச்சு சேர்ந்தால் எடுப்புத் தவறாது. வாய் திறக்காமல் மூச்சை மட்டும் பத்து முறை எடுத்துப் பார்ப்பது நல்ல பயிற்சி.

இரண்டாம் குரல், மூன்றாம் குரல் சேர்க்கலாமா? அது நம் இசைக்கு ஒத்துவருமா?

கொட்டாஞ்சேனையிலோ பம்பலப்பிட்டியிலோ ஏதாவதொரு தேவாலயத்தில் தமிழ்ப் பாமாலையை நாலு குரலில் பாடக் கேட்டவர்கள் இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்கமாட்டார்கள். சென்னையில் இசையமைப்பாளர் எம். பி. சீனிவாசன் இளைஞர் சேர்ந்திசைக் குழு ஒன்றை உருவாக்கி, தமிழிலும் மற்ற இந்திய மொழிகளிலும் பல குரல் பாட்டுகளை மேடையேற்றிக் காட்டினார். ஒத்துவருவது இராகத்தைப் பொறுத்தது. சங்கராபரணம், ஹரிகாம்போதி, கரஹரப்பிரியா சார்ந்த மெல்லிசையில் வரும். கமகத்தால் வாழும் இராகங்களில் வற்புறுத்தாதீர்கள், ஷட்ஜ பஞ்சமத்தை ஆதாரமாகப் பிடிப்பதோடு நிறுத்துங்கள்.

தொடங்க வேண்டிய இடம் துரத்திப் பாடல்: ஒரே மெட்டை முதற் குழு தொடங்க, ஓர் ஆவர்த்தனம் (முழுத் தாளச் சுற்று) கழித்து இரண்டாம் குழு அதையே தொடங்கும். சங்கராபரணத்தில் ஒரு சரளி வரிசையை (தொடக்கச் சுரப் பயிற்சி) கொண்டே இதைச் செய்யலாம். காதைப் பொத்திக்கொண்டு பாடும் பிள்ளைகளை விடாதீர்கள், கேட்டுக்கொண்டே நிலைப்பதுதான் பயிற்சி.

கரோக்கே ட்ராக்குக்குப் பாடினால் பின்வரிசை பிந்துகிறது.

ஒலி ஒரு செக்கனுக்கு ஏறக்குறைய 340 மீற்றர் போகும். ஸ்பீக்கரிலிருந்து பத்து மீற்றர் தள்ளி நிற்பவருக்குச் செக்கனில் முப்பதில் ஒரு பங்கு பிந்தியே கேட்கும், வேகமான பாட்டில் அது தெரியும். புளூடூத் ஸ்பீக்கர் தானாகவே இன்னும் பிந்தும், வயரில் கொடுங்கள். ஸ்பீக்கரைக் குழுவின் முன் நடுவில் வையுங்கள். என்னைக் கேட்டால், பயிற்சியில் ட்ராக்கே வேண்டாம். அதன் சத்தத்துக்குள் பிள்ளைகள் ஒளிந்துகொள்வார்கள்.

பயிற்சி அறையின் மின்விசிறியையும் கவனியுங்கள். நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், அதனால் பழைய குழல்விளக்கும் மின்விசிறியும் பெரும்பாலும் 100 ஹேர்ட்ஸில் உறுமும். ஐந்து கட்டையின் தாழ்ந்த ஷட்ஜம் 98. இரண்டும் அருகருகே நின்று காதைக் குழப்பும். சுருதி சேர்க்கும் இரண்டு நிமிடத்துக்காவது நிறுத்திவிடுங்கள். வியர்க்கும்தான், பரவாயில்லை.

மேடையில் எத்தனை மைக் கேட்பது?

குறைவாக. இருபது பேருக்கு இரண்டு அல்லது மூன்று, ஸ்டாண்டில், முன்வரிசையின் தலைக்குச் சற்று மேலே. மைக்குக்கும் பாடுபவருக்கும் இரண்டடி என்றால் அடுத்த மைக் ஆறடி தள்ளி இருக்கட்டும், இல்லாவிட்டால் ஒரே குரல் இரண்டு மைக்கிலும் விழுந்து உள்ளீடற்றுக் கேட்கும். கையில் மைக் கொடுக்க வந்தால் நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். தமிழ்ச் சங்கத்தின் சங்கரப்பிள்ளை மண்டபமானாலும், பம்பலப்பிட்டி சரஸ்வதி மண்டபமானாலும், ஒலிபெருக்கிக்காரரிடம் அரை மணித்தியாலம் முன்பே போய்ப் பேசுங்கள். கடைசி வரிசைக் கதிரையில் நீங்களே இருந்து ஒரு வரி கேட்டுவிட்டு வாருங்கள்.

எப்படி நிறுத்துவது?

அரைவட்டமாக. உறுதியான குரல்கள் பின்வரிசை நடுவில், புதியவர்கள் அவர்களுக்கு முன்னால். உயரத்துக்கேற்ப நிறுத்துவது படத்துக்கு அழகு, பாட்டுக்கு உதவாது.

தொண்டை கட்டினால்?

இஞ்சி தட்டிப் போட்ட கொத்தமல்லித் தண்ணீர் இதமானது, குடிக்கலாம். ஆனால் ஓய்வுதான் மருந்து. கிசுகிசுத்துப் பேசுவதும் தொண்டைக்கு வருத்தம்தான், பேசாமல் இருங்கள். இரண்டு மூன்று கிழமைக்கு மேல் குரல் கரகரத்தால் காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.

எனக்கு 48 வயது. பாடிப் பழக்கமில்லை. சேரலாமா?

வாருங்கள். எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் குழுவில் வங்கியில் வேலை செய்பவரும், ஓய்வுபெற்ற தபாலதிபரும், முதன்முறையாகப் பாட வந்த அம்மம்மா ஒருவரும் இருக்கிறார்கள். பெரியவர்களுக்குக் குரலைவிட வெட்கம்தான் தடை. அதனால் முதல் மாதம் யாரையும் தனியாகப் பாடச் சொல்வதில்லை.

தமிழ்மொழித் தினப் போட்டிக்கு எத்தனை கிழமை முன்பே தொடங்க வேண்டும்?

பாட்டுக்கு நாலு கிழமை போதும். குழுவுக்கு ஒரு தவணையாவது வேண்டும். போட்டி அறிவித்தபின் பிள்ளைகளைப் பொறுக்கி, வலய மட்டத்தில் வென்றபின் 'இன்னும் நல்ல குரல்' என்று இருவரை மாற்றுவது வழக்கமாகிவிட்டது. சேர்ந்து பழகிய காதுகளைக் கலைத்துவிட்டு மாகாண மட்டத்துக்குப் போய் என்ன பயன்? வருட ஆரம்பத்திலேயே கிழமைக்கு ஒரு பாடவேளை எல்லோரையும் சேர்த்துப் பாட விடுங்கள். வாணி விழாவும் பரிசளிப்பும் வருடாவருடம் வருகின்றன, மேடைக்குக் குறைவில்லை.

மேடையில் யாராவது வரியை மாற்றிப் பாடிவிட்டால் என்ன செய்வது?

இதையும் பயிற்சியிலேயே பழக்குங்கள். மாதம் ஒருமுறை ஒரு பிள்ளையிடம் மட்டும் இரகசியமாக, "இரண்டாம் சரணத்தில் வேண்டுமென்றே பிழைவிடு" என்று சொல்லி வைப்பேன். மற்றவர்கள் நிற்காமல், திரும்பிப் பார்க்காமல், முகம் மாறாமல் பாட வேண்டும். பிழைவிட்டவர் வாயை மூடி, பக்கத்துக் குரலைக் கேட்டு, அடுத்த சொல்லில் மெல்லென நுழைந்துகொள்ள வேண்டும். போன வருடம் மேடையில் உண்மையாகவே அது நடந்தது. எந்தப் பிள்ளை பிழைவிட்டது என்று முன்வரிசையில் இருந்த எனக்கே தெரியவில்லை. இறங்கி வந்தபின் அவளே வந்து சொன்னாள்.